நிம்மோவின் கால் தரையில் படாத நான்கு நாட்கள்

"புரண்டுட்டா! குப்புறப் புரண்டுட்டா!"

"யாரு?"

"பக்கத்து வீட்டுப் பூனை. உங்க பொண்ணுங்க!"

ஃபோனில் கொஞ்ச நேரம் இன்ஜின் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு தல்வீர் சொன்னான்: "கிரண், ஒண்ணு செய். அவளைத் திருப்பி மல்லாக்கப் போட்டு வை."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் புரளாம பாத்துக்கோ. நான் வந்ததும் என் கண்ணு முன்னாடி முதல் தடவையாப் புரளட்டும்."

"குழந்தைங்க அது. பராத்தாவா, திருப்பித் திருப்பிப் போட?"

அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் ஃபோனை வைத்த பிறகு கிரண்ஜோத் என்ன செய்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குழந்தையை மெல்ல எடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தாள். நிம்ரத் அவளை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, 'இது என்ன விளையாட்டு' என்பது போல மறுபடியும் புரண்டாள்.

அது ஜூன் மாதம். இப்போது ஜனவரி. இடையில் நிம்ரத், வீட்டில் எல்லோருக்கும் நிம்மோ, பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தாள். அப்போது தல்வீர் சஸ்காச்சுவானில் எங்கேயோ வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தான். முதல் பல் எட்டிப் பார்த்தபோது வினிபெக்குக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவள் தவழ்ந்த அன்றைக்கு மட்டும் வீட்டிலேதான் இருந்தான். மாடியில், பதினாலு மணி நேரத் தூக்கத்தில். கிரண் ஓடிப்போய் இரண்டு முறை உலுக்கினாள். "லோடு இறக்கியாச்சு, லோடு இறக்கியாச்சு" என்று முனகிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கால்கரிக்கு லாரி ஓட்டிப் போக நாலு நாள். அங்கே ஒரு நாள். திரும்பி பிராம்ப்டன் வீட்டுக்கு வர நாலு நாள். வீட்டில் இருப்பது இரண்டே நாள். குழந்தை அவனிடம் ஒட்ட ஒன்றரை நாள் ஆகும். மீதி அரை நாளில் அவன் பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவான்.

இதில் கொடுமை என்னவென்றால், நிம்மோவுக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். அப்பா ஃபோனுக்குள் இருக்கிறார். தினம் சாயங்காலம் அதிலே வருவார், லாரி ஹாரன் மாதிரி வாயாலேயே "பாம்ம்... பாம்" என்பார். இவள் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்துவிட்டு, வாழைப்பழம் ஒட்டிய வாயால் திரைக்கு முத்தம் கொடுப்பாள். ஆனால் தாடியில் பனி ஒட்ட, தடித்த கோட்டுக்குள் ஒரு மலை மாதிரி ஆள் வாசலில் வந்து நின்று "நிம்மோ!" என்றால் போச்சு. உதடு பிதுங்கும். அடுத்த நொடி தெருவுக்கே கேட்கும். போன தடவை அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவள் அவனைச் சுற்றிக்கொண்டு தவழ்ந்து போய், மேஜை மேல் இருந்த ஃபோனைக் காட்டி "பா... பா..." என்றாள்.

தல்வீர் சிரிக்கத்தான் செய்தான். அந்தச் சிரிப்பு கிரணின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. தல்வீரின் அண்ணன் சுக்மந்தருக்கு ஆறு லாரிகள். அவற்றில் ஒன்று மட்டும் உள்ளூர் ஓட்டம்: காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, ஹாமில்டன், கெல்ஃப் என்று சுற்றிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதை ஓட்டும் கர்னைல் அங்கிள் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெற்று மகனோடு இருக்க வான்கூவர் பக்கம் போகிறார். அந்த வண்டி யாருக்கு என்பதைப் பதினாலாம் தேதி, திங்கட்கிழமை, சொல்லிவிடுவதாக சுக்மந்தர் அறிவித்திருந்தார்.

"வீர்ஜிகிட்ட கேளுங்க" என்று கிரண் ஆறு தடவையாவது சொல்லியிருப்பாள். சுக்மந்தர் எல்லோருக்கும் வீர்ஜி, அதாவது அண்ணன்.

"எப்படிக் கேப்பேன்? அப்பா போனப்ப எனக்கு ஒன்பது வயசு. அன்னைக்கிலேருந்து அவருதான் எனக்கு அப்பா. இங்க கூட்டிட்டு வந்ததும் அவருதான். பதினஞ்சு வருஷம் அவரே ஓட்டின தூர ரோடு இது. 'நான் ஓட்டலையா, உனக்கென்ன வந்துச்சு'ன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்குவேன்?"

"அப்படிக் கேக்கற மனுஷன் இல்ல அவரு."

"இல்லதான். கேக்காம சரின்னு சொல்லிடுவாரு. அது இன்னும் கஷ்டம்."

"நீங்க கேக்கலைன்னா நான் கேக்கறேன்."

தல்வீர் இப்போது உண்மையிலேயே சிரித்தான். "நீயா? ரெண்டு வருஷத்துல அவரைப் பாத்து 'உப்பு போதுமா'ன்னு கூட நீ கேட்டதில்ல. கேப்பியாம்!"

அதுவும் உண்மைதான். கணவனின் அண்ணன் எதிரில் தலையை மூடிக்கொள்ள வேண்டும், நேருக்கு நேர் பேசக்கூடாது என்று கிரணின் அம்மா சொந்த ஊர் மோகாவிலிருந்து அனுப்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். இங்கே அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் விமானத்திலிருந்து இறங்கிய அன்று கிரண் கூச்சத்தில் துப்பட்டாவை நெற்றி வரை இழுத்துக்கொண்டாள். சுக்மந்தர் அதைவிடக் கூச்சப்பட்டு அவளுடைய பெட்டியைப் பார்த்தே "பிரயாணம் நல்லா இருந்துச்சா" என்று கேட்டார். பெட்டி பதில் சொல்லவில்லை. அன்றைக்கு விழுந்த மௌனம் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. அவருடைய மனைவி சரண்ஜீத்துக்கு இது ஒரு ஓயாத வேடிக்கை.

"கடைக்கு ஜீன்ஸ் போட்டுட்டுப் போறே. கார் ஓட்டறே. இவரு பூட்ஸ் சத்தம் கேட்டா மட்டும் முக்காடு! என் புருஷன் என்னடி, புலியா?"

"பழகிடுச்சு அக்கா. இப்ப திடீர்னு பேசினா அவரு பயந்துடுவாரு."

நிம்மோ பிறந்ததும் ஒரு வழி பிறந்தது. இருவரும் அவள் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

"நிம்மோ, உங்கம்மாகிட்ட சொல்லு, வாசல் பனிமேல உப்பு தூவணும், வழுக்குது" என்பார் சுக்மந்தர், குழந்தையின் நெற்றியைப் பார்த்து.

"நிம்மோ, பெரியப்பாகிட்ட சொல்லு, காலையிலேயே தூவியாச்சு. டீ ஆறுது, குடிக்கச் சொல்லு" என்பாள் கிரண், குழந்தையின் காலுறையைப் பார்த்து.

நிம்மோ இருவருக்கும் எச்சில் ஒழுகச் சிரிப்பாள். செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

*

புதன்கிழமை சாயங்காலம் நிம்மோ சோஃபாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடியை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் ஆடாமல் நின்றாள். அப்புறம் தொப்பென்று உட்கார்ந்து, தன் கைகளையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டாள்.

கிரண் நாட்காட்டியைப் பார்த்தாள். இனி ஒரு நாளோ இரண்டு நாளோ, நடந்துவிடுவாள்.

தல்வீர் கால்கரியிலிருந்து கிளம்பிப் பாதி தூரம் வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வழக்கமான வேடிக்கைதான் வந்தது: "உக்கார வை. வெள்ளிக்கிழமை வரைக்கும் உக்காந்தே இருக்கட்டும்."

ஆனால் அதைச் சொல்லும்போது அவன் குரல் வேடிக்கையாக இல்லை.

ஃபோனை வைத்துவிட்டு கிரண் சமையலறைக்கு வந்தாள். சரண்ஜீத் கடுகுக்கீரை கடைந்துகொண்டிருந்தாள். அவளுடைய பதினைந்து வயது மகள் சீரத் மேஜையில் கணக்குப் போடுவது போல நடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வரைக்கும் இவளைக் கீழ விடக்கூடாது."

"என்னடி சொல்றே?"

"கால் தரையில படக்கூடாது. பட்டா நடந்துடுவா. இவரு வர்ற வரைக்கும் மடி மாத்தி மடி வெச்சுக்கலாம்."

சீரத் தலையை நிமிர்த்தினாள். "சித்தி, இது குழந்தை வளர்ச்சிக்கே எதிரானது. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது. நீ கணக்கைப் போடு" என்றாள் சரண்ஜீத். மத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நிம்மோவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சரி. எட்டு மணி வரைக்கும் நான். அப்புறம் சீரத். தொட்டில்ல கம்பியைப் பிடிச்சு நின்னா அது கணக்குல இல்ல. இன்னொண்ணு: தப்பித் தவறி நடந்தாலும் எவளும் ஃபோன்ல படம் எடுக்கக் கூடாது. அவன் படத்துல பாத்ததெல்லாம் போதும்."

இப்படியாக அந்த வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலையில் சுக்மந்தருக்கும் அது தெரிந்துபோயிற்று. அவருடைய அலுவலகம் சாப்பாட்டு மேஜைதான். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அங்கிருந்தே ஆறு லாரிகளையும் மேய்ப்பார். கிரண் குழந்தையை ஒரு கையில் இடுக்கியபடி, இன்னொரு கையால் ரொட்டி புரட்டித் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"நிம்மோ" என்றார் அவர், "ஏன் தொங்கிட்டே இருக்கே? கீழ இறங்கி விளையாடேன்."

"நிம்மோ, பெரியப்பாகிட்ட சொல்லு, கீழ விடக்கூடாதாம். அப்பா வந்ததும்தான் நடக்கணுமாம்."

சுக்மந்தரின் வாயருகில் போன டீ கிளாஸ் அப்படியே நின்றது. பிறகு எழுந்து வந்து, கிரணைப் பார்க்காமலேயே இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தையை வாங்கிக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார். அன்று பகல் முழுவதும் அந்தக் குழந்தை அவருடைய மடியிலேயே இருந்தது. தலைப்பாகையை இழுத்தது, ஹெட்செட்டின் ஒயரைச் சப்பியது, லோடு எண் சொல்ல வேண்டிய நேரத்தில் "ப்ப்பா" என்று கத்தியது.

"வீர்ஜி, யாரு அது? புது ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று எதிர்முனையில் ஒரு டிரைவர் கேட்டது சமையலறை வரை கேட்டது.

"ஆமா. உன்னைவிடத் தெளிவாப் பேசுது. மாண்ட்ரியல் லோடை ஒழுங்கா இறக்கு, இல்லைன்னா உன் வண்டியை இவகிட்ட குடுத்துடுவேன்."

வெள்ளிக்கிழமை தல்வீர் வரவில்லை. வாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஏரிக்காற்றும் பனியும் சேர்ந்து அடித்ததில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். லாரிகளெல்லாம் ஒரு நிறுத்தத்தில் வரிசையாகப் பனி மூடிக் கிடந்தன.

"என் வைப்பரே எனக்குத் தெரியல, கிரண். எப்ப திறப்பாங்கன்னு யாருக்கும் தெரியல." திரையில் அவன் வண்டிக்குள் இருக்கும் படுக்கையில் உட்கார்ந்திருந்தான். தலையணைக்கு உறையாக அவளுடைய பழைய மஞ்சள் துப்பட்டா. கல்யாணத்துக்கு மறுவாரம் அவள் தேடித் தேடிக் களைத்த துப்பட்டா அது. ஒரு வருஷம் கழித்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "உனக்குத்தான் நிறைய இருக்கே" என்றான்.

"அவ நடந்தா நடக்கட்டும், கிரண்" என்றான் இப்போது. "குழந்தையைக் கட்டிப் போடாதே. நான் அடுத்த தடவை..."

அடுத்த தடவை என்ன என்பதை அவனால் முடிக்க முடியவில்லை. கிரணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஃபோனை வாங்கிக்கொண்டது. துப்பட்டாவை இழுக்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

"தல்வீர், ரோடு திறந்தா மட்டும் வண்டியை எடு. அவசரப்பட்டே, காலை உடைப்பேன்" என்றார் சுக்மந்தர். "குழந்தை என்கிட்ட இருக்கா. கீழ விடமாட்டேன். நீ மெதுவா வா."

*

சனிக்கிழமை வீடே மறுநாள் லோஹ்ரிக்கு, நெருப்பு மூட்டிக் கொண்டாடும் பண்டிகைக்கு, தயாராகிக்கொண்டிருந்தது. நிம்மோவின் முதல் லோஹ்ரி. கொல்லைப்புறத்தில் விறகு அடுக்கியாயிற்று. கூடத்தில் வேர்க்கடலை மூட்டைகள், எள்ளு மிட்டாய்ப் பெட்டிகள். இரண்டு தெரு தள்ளியிருந்த, சுக்மந்தரின் சித்தி ஒருத்தி ஃபோன் செய்து, "பொண்ணுக்கா இவ்வளவு பெருசா லோஹ்ரி? பையன் பொறந்தாத்தானே கொளுத்துவாங்க?" என்று இழுத்திருந்தாள்.

"ஆமா சித்தி" என்றார் சுக்மந்தர், மடியில் நிம்மோவோடு. "பையனா இருந்தா ஒரு மூட்டைக் கடலைதான் வாங்கியிருப்பேன். பொண்ணுங்கறதால ரெண்டு மூட்டை. நீங்க பல்லை ரெடி பண்ணிட்டு வாங்க."

சமையலறையில் எள் வறுத்துக்கொண்டிருந்த சரண்ஜீத் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சீரத்துக்கு நாங்க எதுவும் கொளுத்தல, தெரியுமா? அப்ப இவரு ரோட்டுல. கிரண், உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதே. சீரத் முதல்ல நடந்தப்போ இவரு நெப்ராஸ்காவுல இருந்தாரு. ஒன்பது நாள் கழிச்சுத்தான் அவருக்குத் தெரியும். ஃபோன்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'எந்தக் காலை முதல்ல வெச்சா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வலதுன்னேன். நல்ல காலாச்சேன்னு." வாணலியில் எள் வெடித்தது. "நான் எங்கே பாத்தேன்? ஏர்போர்ட்ல சாப்பாடு கட்டற ஷிஃப்ட்ல இருந்தேன். பாத்தது பக்கத்து வீட்டு போர்ச்சுகீஸ் அம்மா. அவங்களும் செத்துப்போயிட்டாங்க. இவரு பதினாலு வருஷமா 'என் பொண்ணு வலது கால்காரி'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. அவ ஃபுட்பால் ஆடறது இடது கால்ல! கேட்டா 'இடையில பழகிட்டா'ங்கறாரு."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியாமல் வாணலியை வேகமாகக் கிளறினாள். கிரண் அவள் தோளில் கை வைத்தாள். வெளியே கூடத்தில் அந்தப் பெரிய மனிதர் ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். மூன்றாவது நாள். முதுகு வலிக்கிறது என்று காலையில் தைலம் தேய்த்துக்கொண்டார். ஆனாலும் இறக்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குச் சாலையைத் திறந்தார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, வாசல் கதவு திறந்தது. பனிக்காற்று முதலில் வந்தது. பின்னால் தல்வீர் வந்தான். தாடியில் பனித்துளி. கண்கள் சிவந்திருந்தன.

"நடந்துட்டாளா?" என்றுதான் கேட்டான். யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நடக்கறதா? நாலு நாளா உங்க பொண்ணோட கால் இந்த வீட்டுத் தரையைப் பாக்கல" என்றாள் சீரத். "பெரிய மகாராணி. எனக்குக் கை கழண்டு போச்சு."

"கோட்டைக் கழட்டுடா" என்றாள் சரண்ஜீத். "கரடி மாதிரி வந்து நின்னா எந்தக் குழந்தைதான் வரும்? எல்லாரும் ஒதுங்குங்க. சித்தி, கடலையை அப்புறம் தின்னுங்க!"

ஆட்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். கம்பளத்தின் ஒரு முனையில் தல்வீர் மண்டியிட்டான். மறுமுனையில் சுக்மந்தரும் மண்டியிட்டு, தைலம் தேய்த்த முதுகு வலிக்க நிம்மோவை மெல்ல இறக்கினார். நான்கு நாட்களுக்குப் பிறகு அந்தச் சின்னப் பாதங்கள் தரையைத் தொட்டன. அவருடைய இரண்டு சுட்டுவிரல்களையும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். எதிரே இருந்த தாடிக்காரனைப் பார்த்தாள்.

உதடு பிதுங்கியது.

கிரண் துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"வா, நிம்மோ. அப்பாகிட்ட வா" என்றான் தல்வீர். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொப்பென்று உட்கார்ந்து, தவழத் தயாரானாள். எங்கே போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூலையில், மேஜை மேல், சீரத்தின் ஃபோன் இருந்தது. "பா... பா..." என்று அதை நோக்கிக் கையை நீட்டினாள்.

அறையில் யாரோ "அச்சச்சோ" என்றார்கள். தல்வீரின் நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின.

கிரணுக்குச் சட்டென்று தோன்றியது. "ஹாரன்!" என்று கத்தினாள். "ஹாரன் அடிங்க!"

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு புரிந்தது. இத்தனை பேர் முன்னால், இரண்டு கன்னங்களையும் உப்பிக்கொண்டு, "பாம்ம்ம்... பாம்!" என்றான்.

நிம்மோவின் கை பாதியில் நின்றது. ஃபோனைப் பார்த்தாள். அது இருட்டாக இருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"பாம்ம்ம்... பாம்!"

அவள் முகம் விடிந்தது. ஃபோனுக்குள் இருந்த ஆள் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார்! அவள் பெரியப்பாவின் முழங்காலைப் பிடித்து எழுந்தாள். பிடியை விட்டாள். ஆடினாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். அடுத்த காலை வைத்தாள். மூன்று, நான்கு, ஐந்தாவது நடையா விழுகையா என்று சொல்ல முடியாது. எப்படியோ அவள் அப்பாவின் தாடிக்குள் முகத்தோடு போய் மோதினாள்.

வீடு அதிர்ந்தது. யாரோ கடலையை வாரி மேலே வீசினார்கள். 'பொண்ணுக்கா' என்று இழுத்த சித்திதான் எல்லோருக்கும் முன்னால் கையைத் தட்டிக் குதித்தாள். தல்வீர் குழந்தையை இறுக்கிக்கொண்டு, வெட்கமே இல்லாமல், தேம்பித் தேம்பி அழுதுகொண்டே ஹாரன் அடித்தான். நிம்மோ அவன் வாயைக் கையால் பொத்திப் பொத்தித் திறந்து விளையாடினாள்.

"இடது" என்று ஒரு குரல் கேட்டது.

சுக்மந்தர் இன்னும் கம்பளத்தின் அந்த முனையிலேயே மண்டியிட்டிருந்தார்.

"இடது காலைத்தான் முதல்ல வெச்சா. நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம சீரத் வலது இல்ல?"

சரண்ஜீத் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க. நானும் பாக்கல. வேலையில இருந்தேன். நீங்க கேட்டீங்க, சொல்ல ஒண்ணும் இல்லாம போயிடுச்சு... வலதுன்னுட்டேன்."

"அப்பா" என்றாள் சீரத், "நான் இடது காலுதான்னு எத்தனை வருஷமா சொல்றேன்? கேட்டீங்களா?"

சுக்மந்தர் மகளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்தார், அது நிற்கவில்லை. எழுந்து போய் சீரத்தின் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "கேக்கலடி. தப்புதான். இனிமே இடது. ஊரெல்லாம் சொல்லிடறேன்."

*

கொல்லைப்புறத்தில் தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. சுற்றிலும் முழங்கால் அளவு பனி. நடுவே தங்கமாக நெருப்பு. எல்லோரும் எள்ளையும் கடலையையும் தீயில் வீசி வலம் வந்தார்கள். யாரோ டோல் மேளம் வாசித்தார்கள். நிம்மோ கிரணின் இடுப்பில், கனத்த குளிர் உடைக்குள், நெருப்பைக் கண்டு அதிகாரமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

சுக்மந்தர் சற்றுத் தள்ளிக் கைகளைத் தீயில் காட்டியபடி நின்றார். கிரண் தல்வீரின் முழங்கையை இடித்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை, வண்டி யாருக்கு என்று சொல்லும் நாள்.

தல்வீர் தொண்டையைக் கனைத்தான். இரண்டு அடி முன்னால் போனான். "வீர்ஜி..."

"என்னடா?"

"வீர்ஜி, வந்து... எனக்கு... கடலை வேணுமா உங்களுக்கு?"

"கையில வெச்சிருக்கேனே."

"ஆமா. வெச்சிருக்கீங்க" என்றான் தல்வீர். தீயைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் வந்துவிட்டான். "நாளைக்குக் காலையில கேக்கறேன்" என்று அவளிடம் முணுமுணுத்தான். "சத்தியமா."

கிரண் அவனைப் பார்த்தாள். ரெண்டு நாள் பனியில் கிடந்த முகம். அதில் குழந்தையின் எச்சில் இன்னும் காயவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். சுக்மந்தர் இவர்களைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நிம்மோ" என்றார் அவர், வழக்கம் போலக் குழந்தையின் தொப்பியைப் பார்த்து. "உங்கம்மாகிட்ட கேளு. உங்கப்பன் என்னமோ சொல்ல வந்துட்டு முழுங்கிட்டான். என்னவாம் அது?"

"நிம்மோ, பெரியப்பாகிட்ட சொல்லு..." என்று கிரணின் வாய் தானாக ஆரம்பித்தது.

அங்கே நிறுத்தினாள்.

நிம்மோவை இடுப்பிலிருந்து எடுத்து தல்வீரின் கையில் கொடுத்தாள். இப்போது நடுவில் யாரும் இல்லை. பனியில் அவள் பூட்ஸ் நொறுங்க, ஓர் அடி முன்னால் வைத்தாள். இன்னொரு அடி. நெற்றிவரை இறங்கியிருந்த துப்பட்டாவைக் கையால் பின்னுக்குத் தள்ளினாள். சரண்ஜீத் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள். சுக்மந்தர், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வீர்ஜி" என்றாள் கிரண்ஜோத், எல்லோருக்கும் கேட்கும்படி. "கர்னைல் அங்கிளோட வண்டியை இவருக்குக் குடுங்க. தினமும் ராத்திரி இவரு வீட்டுக்கு வரணும்."